அயர்லாந்துக்காரரும் அடுத்த வளவும்

மார்ச் 4, செவ்வாய்

மகள் வினோஜா அனுப்பிய பொதி வந்தது. டப்ளினில் இருந்து உடுவிலுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை (இந்த வெயிலுக்கு!), இரண்டு பெட்டி சொக்கிளேற், ஒரு மெல்லிய புத்தகம். சிறுகதைகள். எழுதியவர் அந்த நாட்டுக்காரர், காலமாகி வருடக்கணக்காகிறதாம். மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்களாம். வாசித்தவர்கள்தான் இல்லையாம்.

"அம்மா, நீங்கள் காலம் முழுக்க இங்கிலிஷ் படிப்பிச்ச ஆள். வாசிச்சு எனக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றாள். பென்சன் எடுத்த பிறகும் வீட்டுவேலை தருகிறார்கள்.

புதுக் கொப்பியையும் இன்றே தொடங்குகிறேன். ஒரே ஒரு விதி: வேலிக்கு அப்பால் இருக்கும் அடுத்த வளவுக் குணலட்சுமியின் பெயர் இதில் வராது.

வந்துவிட்டது. சரி, இனிமேல் 'அடுத்த வளவு'. மூன்று வருடத்துக்கு முதல் வேலி அடைத்தபோது, கதியால் தடிகளை என் பக்கம் மூன்று விரல் தள்ளி நட்ட வளவு. தன் பக்கம்தான் தள்ளி நட்டார்கள் என்று இன்றுவரை சாதிக்கிற வளவு. அன்று தொடங்கி எங்களுக்குள் பேச்சு இல்லை.

மார்ச் 6, வியாழன்

முதல் கதை வாசித்தேன். ஒருவர் படுத்திருக்கிறார். எழும்பலாமா என்று யோசிக்கிறார். எழும்பினால் நிற்கவேண்டி வரும். நின்றால் எங்கேயாவது போகவேண்டி வரும். போனால் திரும்பி வரவேண்டி வரும். இப்படியே பத்துப் பக்கம். கடைசியில் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். கதை முடிந்தது.

இவர் உடுவிலில் பிறந்திருந்தால் முதல் பக்கத்திலேயே தாய் ஒரு செம்பு தண்ணீரோடு வந்திருப்பாள்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது கதை. ஒரே போர்வைக்குள் இரண்டு பேர். வெளியே மழை பெய்கிறது என்கிறார் ஒருவர். இல்லை என்கிறார் மற்றவர். எழும்பிப் போய் யன்னலைத் திறந்து பார்க்க இரண்டு பேருக்கும் மனமில்லை. கதை முழுக்க இதுதான். என்ன பிடிவாதம்! எனக்குத் தெரிந்த யாரையோ போல இருக்கிறார்கள். யாரென்று பிடிபடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வினோஜா போன் எடுத்தாள்.

"விளங்கிச்சோ அம்மா?"

"விளங்காமல் இருக்கிறதுதான் விஷயம் போலை கிடக்கு."

"தனிய இருந்து என்ன செய்யிறியள்? இஞ்சை வாங்கோவன்."

"வாசிக்கிறன், பிள்ளை."

போனை வைத்த பிறகு யோசித்தேன். இந்த மனிதரைக் கண்ணால் மட்டும் வாசித்தால் உள்ளே இறங்காது. வகுப்பில் செய்ததுபோல வரி வரியாகத் தமிழில் சொல்லி, வாய் விட்டு வாசிக்க வேண்டும். இடமும் பார்த்துவிட்டேன்: கிணற்றடி எலுமிச்சைக்குக் கீழே. அங்கேதான் காற்று வரும். அது வேலி ஓரமாக இருப்பது தற்செயல்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாவது கதையைத் தொடங்கினேன். கதிரை, கண்ணாடி, தேத்தண்ணி எல்லாம் தயார். நல்ல குரலில் வாசித்தேன்:

"கிழவி ஒருத்தி வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு வாளி, வாளி நிறையத் தண்ணீர். பிடித்துக்கொண்டு நில் என்று யாரோ சொன்னார்கள். யாரென்று மறந்துவிட்டாள். அவளைத் தேடி ஒருவரும் வருவதில்லை. ஓர் ஆடு வந்தது. அதுவும் அவளைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது."

அந்த நேரம் பார்த்து அடுத்த வளவு தன் ஆட்டை ஏசத் தொடங்கியது.

"ஏய் வெள்ளைச்சி! உனக்குத் திமிரடி! நாலெழுத்துப் படிச்சிட்டனெண்டு மற்றவையைக் கிழவி எண்டுறியோ? உன்ரை வயசென்ன? உன்னைத் தேடி மட்டும் ஆக்கள் வரிசையிலை நிக்கினமோ?"

பாவம் வெள்ளைச்சி. அது எங்கே நாலெழுத்துப் படித்தது? சத்தத்தில் எனக்கு வாசிப்பும் ஓடவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

காலையில் அரிசி களையும்போதுதான் விளங்கியது. கழுநீர் எல்லாம் காலில் ஊற்றிக்கொண்டேன்.

அந்த மனுசி ஏசியது என்னை! எங்கள் பக்கத்தில் கோபக்காரர் நேருக்கு நேர் ஏசமாட்டார்கள். வேலிக்கு அப்பால் கேட்கும்படி கோழியை ஏசுவார்கள், நாயை ஏசுவார்கள். சாடை என்போம். கேட்கிறவருக்குத் தெரியும், ஏசுகிறவருக்கும் தெரியும், கோழிக்கு மட்டும் தெரியாது. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன்னைச் சாடை சொல்கிறேன் என்று அடுத்த வளவு நினைத்துவிட்டது. ஆள் தேடாத கிழவி, மதிக்காத ஆடு — நினைக்காமல் என்ன செய்யும்? அயர்லாந்தில் இருந்துகொண்டு அந்த மனிதர் யாரை நினைத்து எழுதினாரோ, அது வந்து உடுவிலில் சுட்டிருக்கிறது.

போய், உங்களைச் சொல்லவில்லை என்று விளங்கப்படுத்தலாம். அதற்குப் பேசவேண்டும். நான் ஏன் முதலில் பேசவேண்டும்?

ஆனால் ஒன்று. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வாயில் இருந்து எனக்கென்று வந்த பேச்சு இதுதான். ஆட்டின் பெயரில் வந்தாலும் எனக்குத்தானே வந்தது. நேற்று நான் ஏனோ ஒரு பிடி கூடச் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் வாசித்தேன். கொஞ்சம் சத்தமாக.

மார்ச் 14, வெள்ளி

ஆட்டைப் பற்றிய வரியை இன்று மறுபடியும் வாசித்தேன். கதைக்குத் தேவையில்லைத்தான். அடுத்த வளவு உடனே வெள்ளைச்சியைப் பிடித்துக்கொண்டது: "உனக்கு வேறை வேலையில்லையோடி? ஒரு கறி புளி வைக்கத் தெரியாது, வாசிக்க வந்திட்டாய்!"

கறி வைக்கத் தெரியாதாம்! என் கணவர் காலமான வருடம் என் வீட்டு அடுப்பு எரியவில்லை. வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் மூன்று வேளையும் சட்டியோடு வந்து, பக்கத்தில் இருந்து, நான் விழுங்கும்வரை எழும்பாமல் பார்த்துக்கொண்டது இதே வாய்தான். அதனால் சொல்ல உரிமை இருக்கிறது. அந்தப் பொட்டையும் அந்த அடைப்போடுதான் மூடினோம்.

மார்ச் 15, சனி

சீவரத்தினம் மேசன் வந்து வேலியோரமாக அளவுநாடா பிடித்தார். என்னவென்று கேட்டேன்.

"சுவிசிலை இருந்து அவவின்ரை மகன் கீர்த்திகன் சொல்லிப்போட்டார், ரீச்சர். வேலியை எடுத்துப்போட்டு மதில் கட்டட்டாம். ஏழடி. பங்குனி கழியிறதுக்கிடையிலை முடிக்கோணும். உங்களுக்கு ஆட்சேபனை இல்லைத்தானே?"

ஏழடி. இனி இருமல் கேட்காது, கதிரை இழுக்கிற சத்தம் கேட்காது, வெள்ளைச்சி வாங்குகிற ஏச்சும் கேட்காது.

ஆட்சேபனை இல்லை என்றேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, இருக்கிறது என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு பக்கம் வாசித்தேன். ஒரு பதிலும் இல்லை. இடையிடையே 'மே' என்று மட்டும் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது, பங்குனித் திங்கள். அடுத்த வளவு மட்டுவில் அம்மனுக்குப் பொங்கப் போயிருக்கும். நான் இவ்வளவு நேரமும் ஆட்டுக்கு இலக்கியம் படிப்பித்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கதிரையில் இருந்து புத்தகத்தை விரிக்கவில்லை, அதற்குள் அந்தப் பக்கத்தில் பேச்சு:

"வெள்ளைச்சி, நேத்து நான் கோயிலுக்குப் போட்டன். நேத்தையான் கதை தெரியாது. உன்னோடை கோவம்தான். எண்டாலும் இடையிலை விட்டிட்டுப் போறது முறையில்லை, கண்டியோ."

தொண்டையைச் செருமிக்கொண்டு நேற்றைய இரண்டு பக்கத்தையும் முதலில் இருந்து வாசித்தேன். வகுப்புக்கு வராத பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பழக்கம்தான்.

மார்ச் 20, வியாழன்

இன்று அந்தப் பக்கத்தில் கதிரை வேலிக்குக் கிட்ட நகர்ந்தது. கேட்டேன், தெளிவாகக் கேட்டேன்.

"ஏனடி வெள்ளைச்சி, அந்த மனுசிக்கு விசரே? வாளியைக் கீழை வைச்சால் என்ன? கை உளையாதே?"

பதில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. இடையில் இருந்த வரிகளை ஓட்டமாக வாசித்து அங்கே வந்தேன்: "கீழே வைத்த உடனே அவர்கள் வந்துவிட்டால்? வரவேயில்லை என்றால், இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கு?"



"அதுவும் சரிதான்" என்றது அடுத்த வளவு. ஆட்டின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டது. பிறகு அவசரமாக, "என்ன வெள்ளைச்சி?" என்று சேர்த்துக்கொண்டது.

இந்தப் புத்தகத்தில் ஒன்றும் நடப்பதில்லை என்று வினோஜாவிடம் குறை சொல்லியிருந்தேன். நடக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கத்தில்.

மார்ச் 21, வெள்ளி

நாளைக்குக் கடைசிப் பக்கம். முன்கூட்டியே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. ஒருவரும் வரவில்லை. கிழவி வாளியை வைத்தாளா இல்லையா என்றும் இல்லை. மாற்றி வாசித்தால் என்ன? மகள் வந்து வாளியை வாங்கினாள், இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள் — யாருக்குத் தெரியப்போகிறது?

ஏலாது. பரீட்சையில் பிள்ளைகள் இப்படிக் கயிறு திரித்தபோது பூச்சியம் போட்ட கை இது.

மார்ச் 22, சனி

உள்ளபடியே வாசித்தேன். கடைசி வரி: "தண்ணீர் கொஞ்சம் ஆடியது."

புத்தகத்தை மூடிக் காத்திருந்தேன். ஏச்சு வரும், நாசமறுந்த கதை என்றாவது வரும் என்று பார்த்தேன்.

"வெள்ளைச்சி, உள்ளுக்கு வா." அவ்வளவுதான். கதிரை வேலியை விட்டுத் தூரப் போனது.

மார்ச் 24, திங்கள்

நாலாவது கதையைத் தொடங்கினேன். ஆள் இல்லை. கோயில் நாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

வேலியை எடுத்துவிட்டார்கள். சீவரத்தினமும் கூட வந்தவரும் கிடுகைப் பிரித்து, கதியால்களை அலவாங்கால் கிளப்பி, மத்தியானத்துக்குள் எல்லாம் வெளி. நான் குசினிக் கதவைத் திறந்தால் அடுத்த வளவின் குசினி நேரே தெரிகிறது. அம்மி தெரிகிறது. கொடியில் காயும் உள்ளாடைகள் தெரிகின்றன. என்னுடையவையும் அங்கே தெரிந்திருக்கும்.

பின்னேரம் புத்தகத்தோடு போய் எலுமிச்சைக்குக் கீழே இருந்தேன். அங்கே அவர். இங்கே நான். இடையில் ஓர் இலை இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, ஒரே நேரத்தில் கதிரையைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். நடுவில் வெள்ளைச்சி நின்று இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்தது.

ஆளை ஆள் பார்த்துக்கொண்டு எப்படிச் சாடை சொல்வது? வேலி இருந்ததால்தான் இவ்வளவு நாளும் பேசியிருக்கிறோம். அது போனதும் பேச்சும் போய்விட்டது.

மார்ச் 26, புதன்

இன்றும் முதுகு. வாயே திறக்கவில்லை, அவரும் நானும்.

மார்ச் 28, வெள்ளி

அத்திவாரம் போட்டுக் கல் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோட்டுப் பக்கம் ஏழடி வந்தாயிற்று. கிணற்றடிப் பக்கம் நாளைக்கு.

சீவரத்தினம் தேத்தண்ணி குடிக்கும்போது சிரித்தார். "ரீச்சர், நீங்கள் ரெண்டுபேரும் சண்டை பிடிச்ச நிலம் இருக்குதெல்லே, அந்த மூண்டு விரல்? அது மதிலுக்குக் கீழை போட்டுது. இனி உங்களுக்கும் இல்லை, அவவுக்கும் இல்லை."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதற்காகவா?

மார்ச் 30, ஞாயிறு

எழுதக் கை பரபரக்கிறது. ஒழுங்காக எழுதுகிறேன்.

கிணற்றடியில் மதில் நெஞ்சளவுக்கு வந்து நிற்கிறது. ஞாயிறு, மேசன் வரவில்லை. திங்களோடு முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். நான் கடைசி முறையாக எலுமிச்சைக்குக் கீழே இருந்து, யாருக்கென்று இல்லாமல் நாலாவது கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே ஒரு தலை வந்தது.

"கௌரி!"

வெள்ளைச்சி இல்லை. என் பெயர்.

"சொல்லுங்கோ குணமக்கா."

"அந்த மனுசி வாளியைக் கீழை வைச்சவளோ, இல்லையோ?"

"புத்தகத்திலை இல்லை அக்கா."

"உதென்ன கதை? எனக்கு ஒரு கிழமையாய் ஒழுங்கான நித்திரையில்லை! தண்ணி ஆடினதெண்டு வாசிச்சனியெல்லே? ஆடினதெண்டால் அவள் அசைஞ்சிருக்கிறாள். அசைஞ்சவள் எங்கை போனவள்?"

"எங்கையும் போகேல்லை. நெடுக நிண்ட மனுசி, கை நடுங்கியிருக்கும்."

"நடுங்கேல்லை! அவள் நடக்கத் துவங்கிட்டாள்."

"அப்பிடி எழுதியில்லையே. எழுதினவரும் செத்துப்போனார், கேக்க ஏலாது."

"அப்ப நாங்கள்தான் முடிவெடுக்கோணும்" என்றார் குணமக்கா. அதோடு முகத்தை இறுக்கிக்கொண்டார். "அது கிடக்கட்டும். என்னைக் கிழவியெண்டு வாசிச்சது?"

"புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஆடும்?"

"ஆடும்."

"காட்டு பாப்பம்."

கொண்டுபோய் மதிலில் விரித்து, ஆடு என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன். குணமக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தார்.

"அப்ப நீ என்னைச் சொல்லேல்லை."

"இல்லை அக்கா."

"நான் உன்னைத்தான் சொன்னனான்."

"தெரியும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெள்ளைச்சியைப் பார்த்தோம். அதற்குப் பிறகு சிரிப்பு. மதிலைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோக, கண்ணால் தண்ணீர் ஓட. எனக்குச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. குணமக்கா பார்த்தும் பாராதவர்போல, "சரி சரி, மூக்கைத் துடை. புத்தகம் நனையப்போகுது" என்றார்.

எழுதி வைக்கிறேன், இந்தக் கொப்பியில் பொய் வேண்டாம். இந்த மனுசி இல்லாமல் மூன்று வருடமும் எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது.

மார்ச் 31, திங்கள்

விடியவே குணமக்கா கோயிலுக்குப் போவதற்கு முன் சீவரத்தினத்தோடு கதைப்பது கேட்டது.

"இண்டைக்கு வேலையில்லை. சீமெந்து முடிஞ்சுது."

"அக்கா, தகரத்துக்குக் கீழை நாலு மூட்டை கிடக்குதே?"

"அது வேறை சீமெந்து."

பின்னேரம் மதிலில் ஒரு வாழையிலைப் பொங்கல்.

ஏப்ரல் 3, வியாழன்

நாலாவது கதை முடிந்தது. குணமக்காவின் தீர்ப்பு: "உந்தாளுக்கு ஆரும் நேரத்துக்குச் சோறு போடேல்லை. அதுதான் இப்பிடி எழுதியிருக்கிறார்."

ஏப்ரல் 6, ஞாயிறு

வினோஜாவுக்கு முழுக் கதையும் சொன்னேன். சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எப்ப அம்மா இஞ்சை வாறியள்?"

"இன்னும் நாலு கதை கிடக்கு, பிள்ளை."

ஏப்ரல் 9, புதன்

இரண்டாவது கதையைக் குணமக்கா கேட்டிருக்கவில்லை. இன்று வாசித்தேன், போர்வைக்குள் இருந்துகொண்டு மழை பெய்கிறதா என்று சண்டை பிடிக்கிற இரண்டு பேர். வாசிக்க வாசிக்க எனக்கு முகம் சூடாகியது.

குணமக்கா முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பினார். உள்ளே போய்ப் புளி போட்ட மீன்குழம்பு ஒரு சட்டி கொண்டுவந்து மதிலில் வைத்தார். "நீ வைக்கிற குழம்பு வாயிலை வைக்க ஏலாது" என்றார்.

ஏப்ரல் 19, சனி

வாளி விவகாரம் தீரவில்லை. இன்று குணமக்கா தன் கிணற்றில் ஒரு வாளி நிறைய அள்ளி, கையில் பிடித்துக்கொண்டு நின்று காட்டினார். ஆடவில்லை. பிறகு ஒரு அடி வைத்தார். ஆடியது. "பாத்தியோ?" கை நடுங்கினாலும் ஆடும் என்று காட்ட நானும் ஒரு வாளியோடு நின்றேன். சந்தைக்குப் போய் வந்த ஒருவர் வெங்காயப் பையோடு சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். நாளைக்கு இந்த ஊரில் என்ன கதை உலாவுமோ.

மே 4, ஞாயிறு

ஏழாவது கதைக்கு வந்துவிட்டோம். கிணற்றடியில் மதில் இன்னும் அதே நெஞ்சளவுதான். புத்தகம் வைக்கவும் தேத்தண்ணிக் கோப்பை வைக்கவும் நல்ல உயரம். சீவரத்தினம் கிழமைக்கு ஒரு தரம் வருகிறார், குணமக்கா திருப்பி அனுப்புகிறார். இப்போதெல்லாம் அவர் கேட்பதுமில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது சுவிசில் இருந்து கீர்த்திகன் வீடியோ கோல் எடுத்தான். மதிலைக் காட்டச் சொன்னான்.

"ஓம் ராசா, எல்லாம் முடிஞ்சுது. நில், காட்டுறன்" என்று சொன்ன குணமக்கா, போனை ரோட்டுப் பக்கத்து ஏழடியை நோக்கித் திருப்பிக்கொண்டே மற்றக் கையால் என்னைப் பார்த்து வீசினார். "குனி, குனி!" என்று வாயசைப்பு.

ஒரு பாடசாலையையே ஆட்டிப் படைத்த இங்கிலிஷ் ரீச்சர், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலுக்குக் கீழே குந்தியிருந்தேன். வெள்ளைச்சி தலையை நீட்டி என் தலைமயிரை மணந்து பார்த்தது. மேலே குணமக்கா மகனிடம், அடுத்த வளவில் ஒரு சத்தமும் இப்போது கேட்பதில்லை, சரியான நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் போனை வைத்த பிறகு மதிலைப் பிடித்து எழும்பினேன். இரண்டு முழங்காலும் நொந்தன. குணமக்கா கதிரையை மதிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ம், விட்ட இடத்திலை இருந்து வாசி."